ஓவர்டிரைவில் ஒரு நூலிழை

மேட்டுப்பாளையத்தில் பழைய கார்களுக்கென்றே ஒரு பட்டறை நடத்திவந்தார் ரெபேக்கா. அதற்கு முன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அவரிடம் வேலை கற்றவர் ஆறுச்சாமி. லாரி ஓட்டிக்கொண்டிருந்து, விபத்தில் கால் முறிந்தபின் நாற்பத்து மூன்று வயதில் வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுப்பவரைவிட ஆறு வயது மூத்தவர். அவர் ‘டீச்சர்’ என்பார். ரெபேக்கா ‘அண்ணா’ என்பார்.

ஒரு நாள் காலையில் கோத்தகிரியிலிருந்து ஒரு கறுப்புக் கார் லாரியில் வந்து இறங்கியது. கூடவே அதன் சொந்தக்காரர் போஜராஜன் வந்தார். தேயிலைத் தோட்டக்காரர், எழுபதை நெருங்கியவர். ஒருகாலத்தில் இந்தப் பட்டறையின் வாடிக்கையாளர். மனைவி இறந்த பிறகு இந்தப் பக்கம் வந்ததேயில்லை.

“ஓவர்டிரைவ் போயிருச்சு,” என்றார். “பதினோரு வருஷமா ஷெட்டுல பூட்டி வெச்சிருந்தேன். யாரையும் கை வைக்க விடலை.”

ஓவர்டிரைவ் என்பது அந்தக் காலத்துச் சில கார்களில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டி. சமதளச் சாலையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் மெதுவாக ஓடும், வண்டி அதே வேகத்தில் போகும். சுவிட்சை அணைத்தால் பெட்டி தன் பிடியை விட்டுவிடும்.

“இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க?” என்று ஆறுச்சாமி கேட்டார்.

“அன்னூர் ரோட்டுல பாதிதான் போயிருக்கேன். மீதியும் போகணும்.”

இருவருக்கும் புரியவில்லை. போஜராஜன் காரின் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“அன்னிக்கு முழு அடைப்பு. தெரிஞ்சேதான் கிளம்பினோம். அவ தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு. பாதி வழியில சுசீலா நெஞ்சு வலிக்குதுன்னா. பதட்டத்துல ஆஸ்பத்திரிக்குத் திரும்புற ரோட்டைத் தாண்டிட்டேன். நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன். உள்ள ஏதோ நொறுங்குச்சு. அதுக்கப்புறம் வண்டி முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை.”

“அப்புறம்?” என்றார் ரெபேக்கா.

“ஒரு மணி நேரம், ஒரு சைக்கிள்கூட வரலை. கிளம்பற அவசரத்துல ஃபோனை வீட்லயே விட்டுட்டு வந்திருந்தோம். வண்டியிலயே போயிட்டா.”

அவர் மனைவி சுசீலா இறந்தது ஊருக்கே தெரியும். காரில் வைத்து இறந்தது பட்டறைக்கு அன்றுதான் தெரிந்தது.

“ஓவர்டிரைவை அணைக்காம ரிவர்ஸ் போடக் கூடாது, உள்ள நொறுங்கிரும். இந்த வண்டி வாங்கின அன்னிக்கே சொல்லிக் கொடுத்தாங்க,” என்றார் போஜராஜன். “சுவிட்சை அணைச்சேனா இல்லையா? பதினோரு வருஷமா யோசிக்கிறேன். ஞாபகம் வரலை. அணைச்சிருக்க மாட்டேன். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

அவர் பஸ் ஏறிப் போனார்.

ஆறுச்சாமி அந்தப் பெட்டியைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. உள்ளே, ஒரு பக்கமாக மட்டும் சுழலும் ஒருவழிக் கிளட்சின் உருளைகள் சிதறிக் கிடந்தன. ரிவர்ஸில் உடைந்ததுதான். அதில் சந்தேகம் இல்லை.

கடைசியாக வால்வுத் தண்டை உருவினார். விரல் நீளம் இருக்கும். அதில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. சுவிட்சை அணைத்ததும் எண்ணெய் அந்தத் துளை வழியாக வடிய வேண்டும். வடிந்தால்தான் ஓவர்டிரைவ் விடும்.

துளை அடைத்திருந்தது. குண்டூசியால் தள்ளினார். எண்ணெயில் ஊறிய ஒரு பஞ்சு நூல் வெளியே வந்தது. கண்ணிமை முடியின் நீளம்கூட இல்லை.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரெபேக்கா வந்து பார்த்தார். நூலையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

“கடைசியா இதைத் திறந்தது யாரு?”

“நான்தானுங்க டீச்சர். அந்தம்மா சாகறதுக்கு மூணு வாரம் முன்னால. சர்வீசுக்கு வந்துச்சு.”

“எதுல துடைச்சீங்க?”

ஆறுச்சாமி மூலையில் கிடந்த வேஸ்ட் துணியைப் பார்த்தார். பெட்ரோலில் கழுவிக் காற்றடிக்க வேண்டும், வேஸ்ட் துணி உள்ளே படக்கூடாது என்பது முதல் மாதத்திலேயே அவர் கற்ற பாடம். அன்று கம்ப்ரெசர் பழுதாகியிருந்தது. அவசரத்துக்குத் துணியால் துடைத்தார். அதில் பிரிந்த நூல் எண்ணெயோடு சுற்றிச் சுற்றி, கடைசியில் துளைக்குள் போய் அடைத்திருக்கிறது.

அவர் கேட்டார்: “இதைச் சொல்லணுமாங்க?”

ரெபேக்கா அந்த நூலை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மடித்தார்.

“சொன்னா அந்தம்மா திரும்பி வந்துருவாங்களா?” என்றார் ஆறுச்சாமி.

“வர மாட்டாங்க.”

“நேத்து வரைக்கும் நமக்கே தெரியாதுங்களே டீச்சர்.”

“இன்னிக்குத் தெரிஞ்சிருச்சே அண்ணா.”

“அவரு என்னை அடிச்சாலும் வாங்கிக்குவேன். ஆனா அந்த முகத்தைப் பார்த்து எப்படிங்க...”

“வேலை முடிஞ்சு ஓட்டிப் பார்த்து அனுப்பினது நான். நானே சொல்றேன். அவரு வர்ற அன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்கங்க.”

உதிரிபாகம் கிடைத்து வேலை முடிய ஒன்றரை மாதம் ஆனது. இந்த முறை ஆறுச்சாமி ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை கழுவினார். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள். வயிறு சரியில்லை என்றார்.

போஜராஜன் வருவதாகச் சொன்ன நாளில் ஆறுச்சாமி லீவு எடுக்கவில்லை. விடிந்ததும் வந்து பட்டறையைக் கூட்டினார்.

போஜராஜன் வந்ததும் ரெபேக்கா தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“ஐயா, இது அந்த வால்வுத் துளையில இருந்துச்சு. இது இருந்ததால எண்ணெய் வடியலை. நீங்க சுவிட்சை அணைச்சீங்களோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. ஆனா அணைச்சிருந்தாலும் ஓவர்டிரைவ் விட்டிருக்காது. தப்பு எங்க பட்டறையில நடந்தது. நான் சரியாப் பார்க்காம...”

“டீச்சர் இல்லைங்க,” என்றார் ஆறுச்சாமி. “நானுங்க. துணியில துடைச்சது நான்.”

போஜராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

“இதுவா?”

“ஆமாங்க.”

“இவ்வளவுதானா?”

போஜராஜன் தாளை விரல் நுனியால் தன் பக்கம் இழுத்தார்.

“கடைசியா அவ என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஏங்க வண்டி நின்னுருச்சுன்னு கேட்டா. எனக்குத் தெரியலைன்னு சொன்னேன். அவ்வளவுதான் பேசினோம்.”

அவர் ஆறுச்சாமியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று ஆறுச்சாமிக்குத் தெரியவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினார். ரெபேக்கா கொடுத்தார்.

“நானும் கூட வரட்டுமாங்க?” என்று ஆறுச்சாமி கேட்டார்.

“வேண்டாம்.”

கார் அன்னூர் சாலையில் போனது. மதியம்வரை திரும்பவில்லை. ஆறுச்சாமி சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் வாசலிலேயே நின்றார்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. போஜராஜன் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். கண்கள் சிவந்திருந்தன.

“நல்லா ஓடுது,” என்று ரெபேக்காவிடம் சொன்னார். “அன்னிக்கு நின்ன இடத்துலயிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். பன்னெண்டு நிமிஷம்தான்.”

பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார். ஆறுச்சாமியின் பக்கம் திரும்பவேயில்லை.

வண்டி மறைந்த பிறகும் ஆறுச்சாமி அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்கண்ணா.”

“மனசைத் திறந்து சொல்லிட்டேன். போறப்ப திரும்பிக்கூடப் பார்க்கலை பாருங்க. அவரு என்னை மன்னிப்பாருங்களா?”

ரெபேக்கா பட்டறைக்குள் நடந்தவர் நின்றார்.

“அதுக்காகவா அண்ணா சொன்னீங்க?”