முதல் கவளம் யாருக்கு?

காரி என்ற எருமையும் கூவாயி என்ற ஆள்காட்டிக் குருவியும் ஒரு காட்டாற்றில் கூட்டுத் தொழில் செய்து வந்தன. நீந்தத் தெரியாத சிறு விலங்குகளைக் காரி முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கும். கூவாயி அதன் கொம்பில் உட்கார்ந்து வழி சொல்லும்.

அந்த ஆறு லேசுப்பட்டதல்ல. ஓரிடத்தில் புதைமணல், இன்னோரிடத்தில் சுழல். மழைக்காலம் வந்தால் மலையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் இறங்கும். அதனால் கூவாயி தினமும் காலையில் மலைப்பக்கம் பறந்து போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரும். தெளிவாக இருந்தால் துறை திறக்கும். கலங்கியிருந்தால் அன்றைக்கு விடுமுறை.

முயல் கிழங்கு தரும். அணில் கம்பங்கதிர் தரும். கீரி வெட்டுக்கிளி தரும். சாயங்காலம் இந்தக் கூலியையெல்லாம் நடுவில் வைத்துக்கொண்டு இரண்டும் உட்காரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைய பாடு நன்றாக நடந்திருந்தால், அது யாரால் நடந்ததோ அவருக்கு முதல் கவளம். ஏதாவது பிசகியிருந்தால், பிசகியவர் கடைசியில்தான் வாய் வைக்க வேண்டும். யாரால் நடந்தது, யாரால் பிசகியது என்று தீர்ப்புச் சொல்வது காரி. மூத்தது அல்லவா!

காரியைக் கெட்டது என்று சொல்ல முடியாது. பொய் பேசாது. கூலியில் ஒரு வாய் கூடுதலாகத் தின்னாது. ஆனால் அதற்கு ஒரு கோளாறு இருந்தது. நல்லது நடந்தால் தன்னால் நடந்தது என்று நினைக்கும். கெட்டது நடந்தால் அடுத்தவரால் நடந்தது என்று நினைக்கும். இதை அது திட்டம் போட்டுச் செய்யவில்லை. மனசார நம்பியது. அதுதான் பரிதாபம்!

ஐப்பசியில் ஒரு நாள், முயல் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு காரி நடு ஆற்றுக்கு வந்தபோது சூறைக்காற்று கிளம்பியது. அலை எழும்பி எதிரே இருந்த எதுவும் தெரியவில்லை.

"அண்ணே, வலப்பக்கம் திரும்பு! சுழல் நகர்ந்து வருது!" என்று கத்தியது கூவாயி.

காரி திரும்பியது. சுழல் அதன் வாலை உரசிக்கொண்டு போயிற்று. முயல்கள் எல்லாம் பத்திரமாகக் கரையேறின.

"இன்னைக்கு முதல் கவளம் எனக்கு!" என்றது காரி சாயங்காலம். "பார்த்தியா என் காலை! வேற எருமையா இருந்தா ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்!"

"பலமான கால்தான் அண்ணே," என்று சிரித்தது கூவாயி. "நான் கத்தினது காதில விழுந்துச்சா?"

"ஏதோ கத்தின. அதுக்குள்ள நான் திரும்ப ஆரம்பிச்சுட்டேனே!"

காரி உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தது. அந்தக் கதையைத் தண்ணீர் குடிக்க வந்த விலங்குகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதில் குருவி இருந்ததே அதற்கு மறந்துபோயிற்று.

சில நாள் கழித்து, நல்ல வெயில் நாள் ஒன்றில், கூவாயி கரையிலேயே எச்சரித்தது.

"இடப்பக்கம் போகாதே அண்ணே! மணல் இளகிக் கிடக்கு!"

ஆனால் இடப்பக்கம்தான் இளங்கோரைப் புல் முளைத்திருந்தது. ஒரு வாய் கடித்துக்கொண்டு போகலாமே என்று காரி ஒதுங்கியது. பொசுக்கென்று கால் உள்ளே போனது. முதுகு சாய்ந்தது. முதுகிலிருந்த முயலும் அணிலும் தண்ணீரில் விழுந்து, மூக்கிலும் வாயிலும் நீர் ஏறி, செத்துப் பிழைத்துக் கரை வந்தன.

"எல்லாம் உன்னாலதான்!" என்று கூவாயி மேல் பாய்ந்தது காரி. "சொல்ல வேண்டியதை நேரத்துல சொல்ல மாட்டியா?"

"கரையிலேயே சொன்னேனே அண்ணே!"

"மெதுவாச் சொன்னா யாருக்குக் கேக்கும்? உன் வேலையே கத்துறதுதானே! இன்னைக்கு நீ கடைசியில சாப்பிடு!"

நனைந்த முயல் காதை உதறிக்கொண்டே முணுமுணுத்தது: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்!"

"வாயை மூடு!" என்று அணில் அதன் விலாவில் இடித்தது. "நாளைக்கு நாம அக்கரை போக வேண்டாமா?"

முயல் வாயை மூடிக்கொண்டது. எல்லோருக்கும் அந்த முதுகு தேவைப்பட்டது. அதனால் யாரும் எதையும் சொல்லவில்லை. கூவாயி மிச்சம் கிடந்த கிழங்குத் தோலைக் கொத்திவிட்டுத் தூங்கப் போனது.

இப்படியே போயிற்று காலம். ஆற்றை வென்றதெல்லாம் தன் கால், ஆற்றிடம் தோற்றதெல்லாம் குருவியின் வாய் என்று காரியின் மனசில் ஊறிப்போயிற்று. குருவி இல்லாவிட்டால் தொழில் இன்னும் நன்றாக நடக்குமே என்ற எண்ணம் தானாக முளைத்தது. முளைக்காமல் என்ன செய்யும்?

கார்த்திகை அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலை பவளாயி என்ற சருகுமான், பிறந்து கொஞ்ச நாளே ஆன குட்டியோடு துறைக்கு வந்தது.

"இக்கரையில புல்லெல்லாம் அழுகிப்போச்சு அண்ணே. எனக்குப் பால் வத்திப்போச்சு. எங்களை அக்கரை சேர்த்துடு!" என்று கெஞ்சியது.

அந்த நேரம் மலைப்பக்கமிருந்து கூவாயி விரைந்து வந்தது. "அண்ணே, துறையை மூடு! மேல தண்ணி செம்மண்ணாக் கலங்கி வருது! மரமெல்லாம் மிதக்குது!"

காரி ஆற்றைப் பார்த்தது. அங்கே தண்ணீர் சாதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு மூடினா, தூரமானாலும் எல்லாரும் கீழே யானை ஏத்திக்கிட்டுப் போற துறைக்குப் போயிடுவாங்க. அப்புறம் நம்ம துறைக்கு யார் வருவா?"

"ஒரு நாள்தானே அண்ணே!"

"சூறைக்காத்துலேயே கடந்தவன் நான்! அதை விடவா இது?"

"அன்னைக்கு நாம ரெண்டு பேரும் கடந்தோம் அண்ணே."

காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாமா? உன் நகம்கூட நனையலையே! நடந்தது யார்? சுமந்தது யார்? போ, போ! இனிமே எனக்கு வழி சொல்ல ஆளே வேண்டாம்!"

கூவாயி கொம்பிலிருந்து எழுந்தது. போகும்போது பவளாயியிடம், "அக்கா, இன்னைக்கு மட்டும் போகாதே!" என்றது.

பவளாயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. குட்டி பசியில் அதன் வயிற்றை முட்டியது. "அண்ணன் சூறையிலேயே தனியாக் கடந்தவராம். காடே சொல்லுதே!" என்றபடி காரியின் முதுகில் ஏறிவிட்டது.

காரி தண்ணீரில் இறங்கியது. கரையை விட்டுக் கொஞ்சம்தான் போயிருக்கும். தலைக்கு மேலே கூவாயி வட்டமடித்துக் கதறியது.

"திரும்பு அண்ணே! வந்துடுச்சு! திரும்பு!"

காரிக்கு அது தெளிவாகக் கேட்டது. திரும்பியிருக்கலாம். கரை பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது என்ன நினைத்தது தெரியுமா? 'வயித்தெரிச்சல்! நான் தனியாக் கடந்துட்டா இவளுக்கு மதிப்பு ஏது? அதுக்குத்தான் இந்தக் கத்தல்!'

காரி முன்னால் காலை வைத்தது.

மறு நிமிடமே வெள்ளம் வந்துவிட்டது. செந்நிறத் தண்ணீர் சுவர் போல் எழுந்து வந்து காரியைப் புரட்டியது. மிதந்து வந்த மரம் ஒன்று விலாவில் இடித்தது. பவளாயி தாவி அந்த மரத்தைத் தொற்றிக்கொண்டது. குட்டியால் தாவ முடியவில்லை. ஒரே ஒரு முறை "அம்மா!" என்றது. அவ்வளவுதான்.

காரியின் கால்கள் பலமானவைதான். எப்படியோ கரை சேர்ந்தது. மரம் கரை தட்டியதும் பவளாயியும் ஏறியது. கூவாயி மட்டும் வெள்ளத்தின் மேலேயே பறந்து போய், வெகுநேரம் கழித்துத் தனியாகத் திரும்பியது.

கரையில் நின்ற காரியின் வாய் தானாகப் பேசியது. "யாருமே எதிர்பார்க்காத வெள்ளம். மரம் வேற வந்து இடிச்சுடுச்சு. குருவி கூட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது..."

பவளாயி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகு யாரும் அந்தத் துறைக்கு வரவில்லை. கூவாயியும் யானைத் துறையோடு சேர்ந்துகொண்டது. 'நன்றி கெட்டவங்க!' என்று முதலில் காரி பொருமியது. ஆனால் கேட்க ஆளில்லாமல் எத்தனை நாள் பொரும முடியும்? தனியாக நின்று அந்தக் காலையை நினைத்து நினைத்துப் பார்த்தது. மழையின் மேல் பழி போட்டது. மரத்தின் மேல் போட்டது. குருவியின் மேல் போட்டது. எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நின்றது. திரும்பு என்ற குரல் காதில் விழுந்தது. கால் முன்னால் போனது. அந்தக் காலின் பழியை யார் தலையில் கட்டுவது? காரி வாய்விட்டு அழுதது.

மழை விட்டதும் பவளாயியைத் தேடிப் போயிற்று. புதர் ஓரம் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது பவளாயி.

"தங்கச்சி, தப்பு என்னோடதுதான்!" என்றது காரி. "கூவாயி சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

பவளாயி நிமிர்ந்தது. அதன் குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு அது அன்னைக்கே தெரியும் அண்ணே. கோரைக்கு ஆசைப்பட்டு முயலைத் தண்ணியில தள்ளினியாமே, அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? என் குட்டி இப்ப என் பின்னாடி நடந்து வந்திருக்குமே!"

சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. காரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

வெற்றியைத் தனக்கும் தோல்வியைப் பிறருக்கும் பங்கு போட்டுப் பழகியவன் தன் பிழையைக் காணும் முன்பே, அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்து முடித்திருப்பார்கள்.