ஒன்பதாம் படிக்கு ஒரு பல்லி

செங்குளம் பேரூராட்சி அலுவலகத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குள் கெட்டிக்காரன் இசக்கியப்பன். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் லாரி போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதியவன். எப்படியோ அது நன்றாகவே வேலை செய்தது.

பக்கத்து ஊர் கரும்பட்டியும் அதைக் கேட்டது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மென்பொருள் இன்னொரு ஊருக்கு உதவ எவ்வளவு தயார் என்று ஒன்றிலிருந்து ஒன்பது படிக்குள் மதிப்பிட வேண்டும். எழுதியவன் துணையில்லாமல், கையேட்டை மட்டும் வைத்து வெளியாள் ஒருவர் ஓட்டிவிட்டால் ஒன்பதாம் படி. ஒன்பது கிடைத்தால் இசக்கியப்பனுக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல்.

அங்கேதான் அவன் மனைவி பேச்சியம்மாள் இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவளோடு இருந்தது பதினொரு நாள். நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

"நீ செய்யுறத ஒண்ணு விடாம கையேட்டுல எழுதுடே. விட்டுப்போச்சுன்னா மாத்தல் கிடையாது" என்றார் செயல் அலுவலர் பிரம்மநாயகம்.

எழுதினான். நாற்காலியில் உட்காரவும். செருப்பை இடது பக்கம் கழற்றவும். சுவரில் பல்லி சொன்ன பிறகு பட்டனைத் தட்டவும். பல்லி சொல்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்கும் பழக்கம் அவன் குடும்பத்திலேயே கிடையாது.

பிரம்மநாயகம் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "பல்லி இல்லாம ஓடுமா?"

"ஓட்டிப் பாத்ததில்ல சார்."

"அப்போ பல்லியும் சாஃப்ட்வேர்ல ஒரு பாகம்தான்" என்றாள் எழுத்தர் ரோசம்மாள்.

"கரும்பட்டியில பல்லி இருக்காதா?"

"இருக்கும் சார். ஆனா அதுக்கு நம்ம சாஃப்ட்வேர் பழக்கமில்லையே."

பாதி நாள் துடைப்பத்தோடு பல்லியைத் துரத்தினார்கள். முதலில் வால் மட்டும் கிடைத்தது. அதை ஓர் உறையில் போட்டு 'உதிரி பாகம்' என்று எழுதி ஒட்டினாள் ரோசம்மாள். பிறகு பல்லியும் கிடைத்து, செருப்பு டப்பாவுக்குள் போனது.

அடுத்து கரும்பட்டியில் வெளியாள் தேடினார்கள். தங்கப்பழம் என்று ஒருவர் வந்தார்.

"இதப் பத்தி உமக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாத ஆள எப்படி நம்புறது?" என்று பிரம்மநாயகம் ஒரு மணி நேரம் மென்பொருளை விளக்கினார். விளக்கி முடித்ததும், எல்லாம் தெரிந்த ஆள் வெளியாள் ஆகமாட்டார் என்று திருப்பி அனுப்பினார். இப்படியே மூன்று பேர் வீணானார்கள். நாலாவதாக வந்த ஆவுடையப்பன் விளக்கத்தின் நடுவே தூங்கிப்போனதால் தேர்வானார்.

கரும்பட்டி அலுவலகத்தில் சோதனை நாள் வந்தது. இசக்கியப்பன் துணை செய்யக்கூடாதென்று அவனை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆவுடையப்பன் உட்கார்ந்தார். செருப்பை இடது பக்கம் கழற்றினார். டப்பாவைத் திறந்ததும் பல்லி ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஓடியது. அதோடு சரி, வாயே திறக்கவில்லை.

மணி பத்து ஆனது, பதினொன்று ஆனது. தெருவில் குடங்களின் வரிசை முக்கு வரை நீண்டது. பிரம்மநாயகம் பேனாவை எடுத்தார். "ஒண்ணாம் படியே போட்டுருவோமா?"

இசக்கியப்பன் கண்முன்னே பேச்சியம்மாள் வந்து நின்றாள். ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, "ச்சு ச்சு ச்சு" என்றான்.

ஆவுடையப்பன் பட்டனைத் தட்டினார். லாரி கிளம்பியது.

அவன் சத்தம் கொடுத்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். அது பல்லியின் வேலை, எழுதியவன் துணையாகாது என்று ரோசம்மாள் சொன்னதும் ஒருமனதாக ஒன்பதாம் படி கொடுத்தார்கள். இசக்கியப்பன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினான்.

மறுநாளும் கரும்பட்டிக்குப் போன பல்லி வாய் திறக்கவில்லை. எழுதியவனைக் கூப்பிடக்கூடாது, பல்லியைக் கூப்பிடத் தடையில்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு இசக்கியப்பன் வீட்டில் போன் அடிக்கும். அவன் எடுத்து "ச்சு ச்சு ச்சு" என்பான். கரும்பட்டியில் லாரி கிளம்பும்.

பேச்சியம்மாள் ஒரு வாரம் இதைக் கவனித்தாள். எட்டாம் நாள் சரியாக ஏழு மணிக்கு, "எங்கம்மாவும் ரெண்டு தம்பிமாரும் இனிமே நம்ம கூடத்தான் இருக்கணும்" என்றாள். போன் அடித்தது.

"ச்சு ச்சு ச்சு" என்றான் இசக்கியப்பன். போனை வைத்தவன் முகம் வெளிறிப்போனது.

"பல்லியே சொல்லிட்டுல்லா. இனி நாம என்ன செய்ய முடியும்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, மாமியாருக்குக் கட்டில் வாங்கக் கிளம்பினான்.