கமர்கட்டு கரையும் வரை

"கல்லு உருகுது மேடம். ஓட்டை விழ மாட்டேங்குது."

வேடியப்பன் இப்படிச் சொல்வது இது நான்காவது நாள்.

மெஹருன்னிசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பவரைக் கூட்டியும் பார்த்துட்டேன். கல்லையே மாத்தியும் பார்த்துட்டேன். என் ராசியே அப்படித்தான் மேடம். எங்க மாமனார் கிணறு வெட்டினப்பவும் நான் போய் நின்ன பக்கம்தான் தண்ணி வரலை..."

மெஹருன்னிசா வாயை மூடிக்கொண்டாள்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை அது. கருங்கல் பலகைகளில் பொடிப் பொடியாக ஓட்டை போடுவது அங்கே வேலை. பொடி என்றால், கோணி ஊசி நுழைந்தால் பெரிது. உளி கிடையாது, சுத்தி கிடையாது, லேசர்தான். கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டிக்குள் கல்லை வைத்து, கதவைச் சாத்தி, பட்டனைத் தட்டினால் வெளிச்சம் கல்லைத் துளைக்கும். கற்றுக்கொடுப்பவளுக்கு வயது இருபத்தொன்பது. கற்றுக்கொள்பவருக்கு ஐம்பத்திரண்டு.

வேடியப்பன் இருபத்தாறு வருஷம் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்தவர். அந்த இரைச்சலில் யார் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதற்காக அவர் பேசாமல் இருந்தாரா என்றால், இல்லை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பேசுவார். யாரும் பதில் சொன்னதில்லை. அப்படியே பேசிப் பேசி, பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் மனிதருக்கு விட்டே போய்விட்டது.

போன மாதம் டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இனிமேல் கல்தூசி கூடவே கூடாது என்றார். குவாரிக்கும் பட்டறைக்கும் முதலாளி ஒருவர்தான். "ஒரு மாசம் லேசர்ல இருந்து பாரு" என்று இங்கே அனுப்பினார்.

அந்த ஒரு மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை வரவில்லை என்றால் திங்கட்கிழமை மறுபடியும் தூசிக்குள் போக வேண்டியதுதான் என்பது அவர் கணக்கு. இந்த ஒரு மாதமாகத்தான் அவர் இருமாமல் தூங்குகிறார். அவர் தூங்குவதால் அவர் மனைவியும் தூங்குகிறாள். இதையெல்லாம் நினைத்தாலே அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்.

செவ்வாய்க்கிழமை மெஹருன்னிசா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"அண்ணா, முதல்ல இதை..."

"படிக்கிறேன் மேடம், எல்லாம் படிக்கிறேன். ஆனா கல்லு உருகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று வாங்கி, டீ கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போன பிறகு மெஹருன்னிசா காகிதத்தை உதறி எடுத்து வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை, "அண்ணா, நடுவுல கொஞ்சம் இடைவெளி..." என்று தொடங்கினாள்.

"இடைவெளியா? கண்ணு இமைக்கிற நேரம்கூட விடலை மேடம்" என்றார் பெருமையாக.

உண்மைதான். மெஷின் திரையில் இரண்டு எண்கள் உண்டு. வெளிச்சம் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் பூஜ்யமாக்கி வைத்திருந்தார். குவாரியில் கை ஒரு நொடி நின்றால் மேஸ்திரி மேலேயிருந்து கத்துவார். அந்தப் பயம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. கல்லோ விடாமல் வாங்கிய சூட்டில் உருகி, கறுப்புக் கண்ணாடியாகி, போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை மெஹருன்னிசா எதையும் சொல்ல முயலவில்லை. திரும்பிப் போகும் வழியில் பெட்டிக்கடையில் நின்று ஏதோ வாங்கினாள்.

இன்று வெள்ளி. மாமனார் கிணறு முடிந்து, மச்சான் கிணறு ஆரம்பமாகியிருந்தது.

மெஹருன்னிசா கோட்டுப் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாயில போடுங்க அண்ணா."

"எதுக்கு மேடம் இப்ப, நான் சொல்லிட்டிருக்கறது..."

"கடிக்கக் கூடாது. கரையணும்."

கமர்கட்டு எப்படிப்பட்டது என்று தின்றவர்களுக்குத் தெரியும். வெல்லப்பாகும் தேங்காயும் உருண்டு இறுகிய கோலி அது. வாய்க்குள் போனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும். தேர்தலுக்கு நிற்பவர்கூட அதை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாது.

வேடியப்பன் வாயில் போட்டார்.

பட்டறை அமைதியானது.

மெஹருன்னிசா திரையில் அந்தப் பூஜ்யத்தை அழித்து வேறு எண்ணைப் போட்டாள். பட்டனைத் தட்டினாள்.

வெளிச்சம் அடித்தது. நின்றது.

"ம்ம்! ம்ம்!" என்று வேடியப்பன் கையை ஆட்டினார். நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அவள் விரலைத் தன் காதில் வைத்துக் காட்டினாள்.

டிக்.

பெட்டிக்குள் ஏதோ உதிர்ந்தது.

வெளிச்சம் அடித்தது. நின்றது. டிக்.

அவர் ஜன்னலோடு ஜன்னலாக முகத்தை ஒட்டிக்கொண்டார். ஓட்டையின் வாயிலிருந்து ரவை ரவையாகக் கல் வெளியே வந்துகொண்டிருந்தது. உருகவில்லை. அடைக்கவில்லை. ஒவ்வொரு முறை வெளிச்சம் ஓயும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பொரிந்து வந்தது.

இருபத்தாறு வருஷம் கல்லோடு இருந்தவர். கல் எழுப்பும் சத்தத்தை இன்றுதான் கேட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. கமர்கட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, எங்கே ஒரு டிக் தவறிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக் கேட்டார்.

மெஷின் நின்றதும் மெஹருன்னிசா பலகையை எடுத்து வாசல் வெயிலில் பிடித்தாள். அவர் சட்டைப் பைக்கு மேலே பொட்டளவு வெயில் விழுந்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். பொட்டு விரல்மேல் ஏறிக்கொண்டது. வெல்லச்சாறு வழிய வழியச் சிரித்தார்.

கமர்கட்டு கரைந்து முடிந்தது.

சொல்ல அவரிடம் ஒரு வண்டி விஷயம் இருந்தது. மச்சான் கிணறு பாதியில் நின்றது. அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடம், திங்கக்கிழமை நான் இங்கயா, குவாரியிலயா?"

கேட்டுவிட்டு நிறுத்தினார்.

காற்றாடி சுற்றியது. ரோட்டில் ஒரு லாரி வந்து, போய், அதன் சத்தமும் தேய்ந்தது. வேடியப்பன் வாயைத் திறக்கவில்லை.

மெஹருன்னிசா கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். நடுவில் டீ கிளாஸின் வட்டம் பழுப்பாகப் பதிந்திருந்தது. வட்டத்துக்குள் முதலாளியின் கையெழுத்து இருந்தது.

"இங்கதான் அண்ணா. செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்ல வர்றேன்."