ஒரு நார் கட்டிய மந்தி

சோலைக்காட்டு விலங்குகள் ஓர் உதவிப் படை வைத்திருந்தன. அதில் மூன்று நிலைகள். முதல் பயிற்சி முடித்தவர் கையில் ஒரு நார் கட்டிக்கொள்ளலாம். அவர் மூச்சைப் பார்க்கலாம், இரத்தத்தை நிறுத்தலாம், அடிபட்டவரை அசையாமல் வைத்திருக்கலாம். இரண்டு நார்க்காரர் எலும்புக்குக் கட்டுப் போட்டுத் தூக்கலாம். மருந்து கொடுக்க மூன்று நார் வேண்டும்.

மந்தி அல்லிக்குப் போன மாதம்தான் ஒரு நார் கிடைத்தது. கூச்சத்தில் அதை ரோமத்துக்குள் மறைத்தே வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை ஒரு மான்குட்டி பாறையிலிருந்து தலைகுப்புற விழுந்தது. முதலில் ஓடி வந்தவள் அல்லி. நெற்றிக் காயத்தில் இலையை வைத்து அழுத்தி இரத்தத்தை நிறுத்தினாள். பிறகு குட்டியின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கால் மரத்துப்போகுது" என்று குட்டி முனகியது.

தாய்மான் துடித்தாள். "தூக்கி நிறுத்துடி! எழுந்தா சரியாயிடும்!"

"வேண்டாம் அக்கா. கழுத்துல அடிபட்டிருக்கலாம். மூணு நார் கட்டின கரடியம்மா வரணும்."

அப்போது மரநாய் செம்பன் வந்தான். அவனிடமும் ஒரே நார்தான். ஆனால் இரண்டாம் நிலைப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் கிளையில் படுத்து வேடிக்கை பார்ப்பான்.

"தள்ளு, நான் தூக்குறேன்! நாற்பது தடவை பார்த்திருக்கேன்!"

"பார்த்திருக்கே. ஒரு தடவையாவது செஞ்சிருக்கியா?"

"தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரத்தான் உன் படிப்பா? நல்ல படிப்பு!"

அல்லியின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. சண்டை போட்டால் கை ஆடிவிடுமே!

"அண்ணே, உன்னை மாதிரி ஓட இங்க யார் இருக்கா? நீ போனாத்தான் கரடியம்மா சீக்கிரம் வருவாங்க!"

செம்பனுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தான்.

நேரம் நகரவே இல்லை. கட்டெறும்புகள் அல்லியின் முழங்கையில் ஏறிக் கடித்தன. "ஒண்ணும் தெரியாதவகிட்ட என் பிள்ளை மாட்டிக்கிச்சே!" என்று தாய்மான் அழுதாள். அல்லி குட்டியிடம் மட்டும் பேசினாள்.

"அசையாதே கண்ணு. நேத்து என்ன தின்னே, சொல்லு?"

"அருகம்புல்லு... நெல்லிக்காய்..."

கடைசியில் கரடியம்மா வந்து சேர்ந்தாள்.

"என்ன ஆச்சு? சொல்லு!"

"தலைகுப்புற விழுந்தான். மூச்சு சீரா இருக்கு. இரத்தம் நின்னுடுச்சு. கால் மரத்திருக்கு. நான் வந்ததுலேருந்து தலை அசையலை."

கரடியம்மா குட்டியின் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள். இருபுறமும் மரப்பட்டை வைத்துக் கட்டினாள். கூட வந்த இரண்டு நார்க்காரர்கள் ஒரே மூச்சில் குட்டியை மூங்கில் தட்டியில் ஏற்றினார்கள்.

"எலும்பு விலகியிருக்கு. தூக்கி நிறுத்தியிருந்தா இவன் இனிமே நடந்திருக்கவே மாட்டான்" என்றாள் கரடியம்மா.

செம்பன் தன் முன்னங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு மாதம் கழித்து மான்குட்டி தானாகவே எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி நான்கு அடி நடந்தது.

தான் கற்றது எவ்வளவு என்று அறிந்து, அதைப் பிசகாமல் செய்பவரால்தான் ஆபத்தில் உண்மையாக உதவ முடியும்.