வாத்தியார் போட்ட முடிச்சு

“சாமி, மேல வந்திடுங்க! முடிச்சை ஒருதரம் அவிழ்த்துக் கட்டிக்கிடுதேன்.”

பலவேசம் பாழுங்கிணற்றுக்குள் குனிந்து கத்தினார். சாமி அப்போது கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அறுபதடிக் கிணறு. தண்ணீர் கிடையாது, அடியில் வெறும் பாறை. பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த கல்லில், ஆடு மேய்க்கும் செல்லக்கிளியின் குட்டி மாட்டிக்கொண்டு கத்தியது.

கயிற்றின் மறுமுனை மேலே கிணற்றடி வேப்பமரத்தில். கட்டியவர் பலவேசம்.

முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஊரார் பிள்ளைகளின் தப்பைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். தான் போட்ட கணக்கை மட்டும் நாலு தடவை போடுவார். நாலாவது தடவையும் முகம் தெளியாது. ஓய்வு பெற்றபின், தன்னைவிடப் பத்து வயது இளைய சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தார். இங்கேயும் அதேதான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவார். கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

“கட்டும்போது எங்க போச்சு இந்தச் சந்தேகம்?” செல்லக்கிளி சீறினாள். “மனுசன் தொங்கும்போதா வரும்?”

பலவேசத்தின் விரல்கள் ஏற்கெனவே முடிச்சின் மேல் இருந்தன.

உள்ளிருந்து சாமி கேட்டார்: “முடிச்சு நழுவுதா?”

“இல்ல சாமி.”

“கயிறு பிரியுதா?”

“இல்ல.”

“பிறகென்ன?”

“நான் கட்டினது சாமி.”

சாமி கயிற்றில் தொங்கியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“வாத்தியாரே, கையை எடும்.”

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சாமி குட்டியைத் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். முழங்கை இரண்டும் உரிந்திருந்தன. செல்லக்கிளி குட்டியை வாங்கி, அதன் முதுகில் ஒரு அடி போட்டு, ஒரு முத்தமும் கொடுத்துத் தூக்கிப்போனாள்.

பலவேசம் அழுதுகொண்டிருந்தார். “இறங்கும் முன்னே நீங்களாவது முடிச்சைப் பார்த்திருக்கலாமே சாமி.”

“பார்த்திருந்தா, அது நான் பார்த்த முடிச்சாயிருக்கும்.”

“தப்பா இருந்திருந்தா?”

சாமி மரத்தைக் காட்டினார். “இப்ப யாரும் தொங்கல. அவிழ்த்துப் பாரும்.”

வாத்தியார் மரத்தடிக்குப் போனார். முடிச்சுக்கு முன்னால் வெயில் சாயும்வரை நின்றார்.

அவிழ்க்கவில்லை.