பூமயில் கொடுத்த பெருமூச்சு

அந்தக் காலத்தில், கடலும் கரையும் ஒரே பாஷை பேசிய நாளில், ஆவுளியா என்கிற கடற்பசு, மீனைப் போலத் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட்டது. பசு மாதிரிப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, சங்குமணல் தீவை ஒட்டிய கடற்புல்லை மேய்ந்து, தானுண்டு தன் குட்டியுண்டு என்று கிடந்தது.

அந்தப் புல்லுக்குள்தான் மீன்கள் குஞ்சு பொரித்தன. அதனால் அங்கே யாரும் வலை போடக் கூடாது, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும் என்று தீவே கூடிப் பேசி முடிவு செய்தது. பேசும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். முறை வந்தபோதுதான் ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்குக் கால்வலி.

"இன்னைக்கு எங்க மொறையா மதினி? நீங்க பாத்துக்கிருங்க, நாளைக்கு நான் வாறேன்" என்று பூமயிலிடம் சொல்வான் பக்கத்து வீட்டு நம்புராசு. அந்த நாளை வந்தபாடில்லை.

முடியாது என்று சொல்லப் பூமயிலுக்கு வாய் வராது. எல்லோர் முறையையும் அவளே பார்த்தாள். வெளியூர் வள்ளங்களை விரட்டி விரட்டித் தொண்டை கட்டிப்போனது. மீன் பிடிக்க நேரமில்லை, அடுப்பு பற்றவைக்க வழியில்லை. அலுத்துப்போய் அவள் விடுகிற பெருமூச்சு தீவு முழுக்கக் கேட்கும். கேட்டதும், "மதினி மொறை கேக்க வருது" என்று ஆளாளுக்குப் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள்.

ஒரு நாள் பசி தாங்காமல், தான் காவல் காத்த புல்லின் ஓரத்திலேயே தன் ஒற்றை வலையைப் போட்டாள். ஓரம்தானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு, வெயிலிலேயே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது வலை கனத்தது. ஆசையாக இழுத்தாள். உள்ளே ஆவுளியாக் குட்டி. கயிறு அதன் கழுத்தை இறுக்கியிருந்தது. தாய் பக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"கூப்பிட்டிருக்கலாம்ல, பாவி!" என்று கத்தினாள் பூமயில்.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். தண்ணிக்குள்ள கத்துனா கரைக்குக் கேக்குமா தாயி?"

அந்த வலையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அது தெரிந்தும் கத்தியை எடுத்தாள். மறுபடி பின்ன முடியாதபடி அறுத்தாள். துவண்டு கிடந்த குட்டி மெல்ல அசைந்து தாயோடு ஒட்டிக்கொண்டது. பூமயிலுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"என் பெருமூச்சை எடுத்துக்க" என்றாள். "இந்தத் தீவுல எல்லாருக்கும் கேக்குறது அது ஒண்ணுதான். ஆனா காத்துலதான் அதை விட முடியும். மேல வந்து வந்து போகணும்."

"அலுப்புப் பிடிச்ச வேலை" என்றது ஆவுளியா.

"எனக்குத் தெரியாதா?"

அதன் மூக்கருகே குனிந்து, மிச்சம் வைக்காமல் ஊதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளிடம் களைப்பு மட்டும்தான் இருந்தது, அதை இறக்கிவைக்கப் பெருமூச்சு இல்லை.

அன்று சாயங்காலம் வெளியூர் வள்ளம் ஒன்று புல்லில் வலையை விரித்தது. பெருமூச்சு கேட்டது. நம்புராசு வழக்கம்போலப் பின்வாசலுக்கு ஓடினான். பின்வாசலில் கடல் இருந்தது. மூச்சு அங்கிருந்துதான் வந்தது. திரும்பிப் பார்த்தால், பூமயில் தன் வீட்டு வாசலில் அறுத்த வலையை மடியில் போட்டுக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தாள்.

நழுவ இடமில்லை. "இந்தா வந்துட்டேன் மதினி" என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினான். மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே இறங்கினார்கள்.

அன்று முதல்தான் ஆவுளியா நீருக்கு மேலே வந்து பெருமூச்சு விட்டுப் போகிறது. அது கேட்டதும் சங்குமணல்காரர்கள் கடலில் இறங்கி வலையைத் தூக்கிவிடுகிறார்கள். யார் முறை என்று யாரும் கேட்பதில்லை.