கோல் விடாத கீப்பர்

முட்டி உடைந்து கால்பந்தை விட்ட ஆன்றோ, பிறகு ஆட்டக்காரர்களுக்கு ஏஜெண்ட் ஆனான். அவன் ஆள் பிடித்துக் கொடுத்துவந்த சென்னை கிளப் ஒன்றுக்கு முதலாளி பரந்தாமன். தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றதும் அவர் கமிட்டிக்காரர்கள் எதிரிலேயே ஆன்றோவைக் கூப்பிட்டார்.

"மூணு வருஷமா ஒரு கோல்கூட விடாத கீப்பர் வேணும். நாளைக்குள்ள கொண்டா. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

மறுநாள் காலை ஆன்றோ ஆறடி ஆள் ஒருவனோடு வந்து நின்றான்.

"இவர் லீனஸ், சார். மூணு வருஷத்துல ஒரு கோல் விட்டதில்ல."

பரந்தாமன் லீனஸின் கையைப் பிடித்துப் பார்த்தார். "கையே சொல்லுதே! இவனை இத்தனை நாள் எந்த மடையன்யா மறைச்சு வெச்சிருந்தான்?"

"நீங்கதான், சார். மூணு வருஷமா நம்ம பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கார். ஒரு ஆட்டத்துலயும் இறக்கல. இந்த மாசத்தோட அனுப்பறதா இருந்தீங்க."

கமிட்டிக்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பரந்தாமன் தொண்டையைச் செருமிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு லீனஸைப் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லீனஸ் இரண்டு கோல் விட்டான். ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். கிளப் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. அன்றைக்கே லீனஸுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது.

"நான் கண்டுபிடிச்ச பையன்" என்று பரந்தாமன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஆன்றோ, ஆமாம் என்று தலையாட்டினான்.